மடவைகள் இன்னும் உறுதிமொழி எடுக்கவில்லை

பெருமதிப்பிற்குரிய கரையோர மழைநீர் விழிப்புணர்வுப் பிரிவின் மேலான சமூகத்துக்கு,

அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்திலிருந்து, தங்களால் விழிப்பூட்டப்பட்ட பயனாளி ஒருவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

சென்ற சனிக்கிழமை எங்கள் வலை பின்னும் கூடத்தில் தாங்கள் நடத்திய முகாம் வெகு சிறப்பு. மீன் விற்கிற நேரமாகப் பார்த்து, காலை பத்து மணிக்கு வைத்தீர்கள். கூடையில் ஐஸ் உருக உருக எங்கள் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, வடிகாலில் குப்பை கொட்டக் கூடாது என்று கற்றுக்கொண்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் மாநில அரசு தடை செய்த 14 பிளாஸ்டிக் பொருள்களில் தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய டீ கப்பும் தங்கள் முகாமிலேயே பரிமாறப்பட்டன. பாக்கி 12-ஐயும் அடுத்த முகாமில் எதிர்பார்க்கிறோம்.

வினாடி வினாதான் சிகரம். தங்கள் ஒருங்கிணைப்பாளர் மைக்கை எங்கள் பெரியப்பாவிடம் நீட்டினார். “தாத்தா, தெருவுல பெய்யுற மழைத்தண்ணி கடைசியா எங்க போவுது, சொல்லுங்க பாப்போம்?” முகத்துவாரத்தில் வலை வீசியே தலை நரைத்த மனுஷன் கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: “எங்க வலைக்குள்ள வருது சார்.”

“தப்பு! சரியான விடை, கடல்!”

கைத்தட்டல். பரிசுக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் வாளி, ‘கடல்’ என்று பின்னாலிருந்து கத்திய ஒரு பையனுக்குப் போனது. பெரியப்பா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு.

அடுத்து உறுதிமொழி. “எல்லாரும் எழுந்து வலது கையை முன்னாடி நீட்டுங்க. நான் கடலை நேசிப்பேன்...” செதில் ஒட்டிய கைகளை நீட்டி, கடலை நேசிப்பதாக ஒப்புக்கொண்டோம். “கை இன்னும் கொஞ்சம் நேரா” என்றார் போட்டோ எடுத்தவர். நாங்கள் நின்ற இடத்துக்குப் பின்னால், தங்கள் பேனர் மறைத்த இடத்தில், ஒரு வடிகால் குழாய் மணலை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு கறுப்புத் தண்ணீரைக் கொட்டியபடி இருந்தது. அன்றைக்கு மிக நேராகக் கை நீட்டியிருந்தது அது ஒன்றுதான். எங்கள் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்த தாங்கள், அதை மட்டும் விட்டுவிட்டது ஓரவஞ்சனை.

இந்த நகரத்தில் 2,000 கிலோமீட்டருக்கும் மேலாக மழைநீர் வடிகால் ஓடுகிறது. சாக்கடைக்குத் தனிக் குழாய், மழைக்குத் தனி வடிகால் என்பது ஏற்பாடு. ஆனால் ஒரு சொட்டு மழை இல்லாத சித்திரையிலும் எங்கள் குழாயில் தண்ணீர் வற்றுவதில்லை. மழையே இல்லாமல் மழைநீர் தரும் இந்த அற்புதத்துக்காகத் தங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். மேலே எத்தனை வீட்டுச் சாக்கடையைத் திருட்டுத்தனமாக வடிகாலில் இணைத்திருக்கிறார்கள், ராத்திரியில் எந்தக் கழிவுநீர் லாரி எந்த மூடியைத் திறக்கிறது என்பதெல்லாம் எங்களைப் போன்ற விழிப்புணர்வு இல்லாதவர்களுக்குத் தெரிந்த சில்லறை விஷயங்கள்.

மடவை மீன்கள் பற்றியும் புகார் சொல்ல வேண்டும். கோடை முழுக்க முகத்துவாரத்தை மணல் மூடிக்கொள்ளும். கடல் உள்ளே வராது, ஆறு வெளியே போகாது. கழிவு அங்கேயே கிடந்து ஊறும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் தெருவில் படிந்திருந்த எண்ணெய், டயர் தூள், நாய் மலம் எல்லாவற்றையும் வடிகால் வாரிச் சுருட்டிக்கொண்டு வரும். அடியில் கிடந்த சேறும் கிளம்பும். அதைத் தின்கிற கிருமிகளே தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிட, மடவைகள் வாயை மேலே பிளந்தபடி ஓரத்துக்கு வந்து, விடிவதற்குள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும். வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா? கை இல்லை என்று சாக்குச் சொல்கின்றன. வலது துடுப்பையாவது நீட்டியிருக்கலாம்.

வலையையும் ஒருநாள் வந்து பாருங்கள். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்தால் விரல் நகமளவு முக்கோணம் ஒன்று கீழே விழுமே, அது எங்கே போகிறது என்று தங்கள் வினாடி வினாவில் கேட்கலாம். கண்ணி கண்ணியாகச் சிக்கிக்கொண்டிருக்கும். இழுத்தால் கண்ணி அறும். ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். கூடவே தலைமயிர், டயப்பர். மீனைப் பிரிக்க ஆகிற நேரத்தைவிட இதைப் பிரிக்க ஆகிற நேரம் அதிகம். முடித்துக் கை கழுவினாலும் ராத்திரி முழுக்க அரிக்கும். அந்தப் பால் பாக்கெட்டை வெட்டியவர்கள் நாலாவது மாடியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, முகாம் இல்லை.

2019 நவம்பர் கடைசியில் பட்டினப்பாக்கம் கரையில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை பொங்கியது ஞாபகம் இருக்கிறதா? மழை அடித்துக்கொண்டு வந்த சோப்புத் தண்ணீரும் சாக்கடையும் அலையில் கடைந்த நுரை அது. பிள்ளைகள் அதில் புரண்டு விளையாடினார்கள், பெரியவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். நகரமே கடலை நேசித்த நாள் அது. எங்கள் மீனைத்தான் யாரும் நேசிக்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து ஆலை எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு இறங்கியது. அங்கிருக்கும் எங்கள் உறவுக்காரர்களின் படகு, வலை, வாசற்படி எல்லாம் தார் பூசியது போல ஆயின. அவர்கள்தான் அந்த எண்ணெயில் இறங்கி அள்ளினார்கள். ஆலைக்காரன் எவனாவது வலது கையை நீட்டி, கடலை நேசிப்பேன் என்று சொன்னானா? அவனை யாராவது எழுந்து நிற்கச் சொன்னார்களா? மேலே இருப்பவன் ஊற்றுவான், கீழே இருப்பவன் உறுதிமொழி எடுக்க வேண்டும். எங்கள் மேல் கொட்டிவிட்டு, கொட்டாதே என்று எங்களுக்கே பாடம் எடுப்பதற்கு என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்!

மன்னிக்கவும். ஐஸ் இல்லாத மீன் போலக் கொஞ்சம் நாறிவிட்டேன். தங்கள் பொன்னான விழிப்புணர்வுத் திட்டத்துக்கு வருவோம்.

திட்டத்தின் பெயரிலேயே ‘சமூகப் பங்கேற்பு’ இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் பங்கேற்றுவிட்டோம். எழுதத் தெரியாதவர்கள் வலது கையின், ஆம், வலது கையின் பெருவிரலால் பங்கேற்றார்கள். எங்கள் கரையில் அந்த வடிகால் குழாயை மணலில் இறக்கியபோது மட்டும் எங்களைப் பங்கேற்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால், வாடைக் காலத்தில் நீரோட்டம் தெற்கே இழுக்கும், இங்கே கொட்டுவது நேராக நாங்கள் வலை வீசும் இடத்துக்குத்தான் போகும் என்று சின்னப் பையன்கூடச் சொல்லியிருப்பான். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்தில், இந்த மணல் மழையைத் தானே குடித்துவிடும், இங்கே எதற்கு வடிகால் என்று கேட்டவர்கள் அந்த ஒரு கேள்விக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. நாங்கள் அவ்வளவு தூரம் போகத் தெரியாதவர்கள். வாசலுக்கு வந்து கேட்டாலே சொல்லிவிடுவோம்.

ஆகவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து பரிசீலிக்க வேண்டியவை:

மழைக்கு முன் வடிகாலில் வாரிய சேற்றை அந்த வடிகாலின் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அடுத்த மழையில் அது தானாக உள்ளே இறங்கிவிடுகிறது. சேற்றுக்கு உறுதிமொழி செல்லாது.

எங்கள் குழாயில் வரும் தண்ணீரை மாதாமாதம் சோதித்து, முடிவை வலை பின்னும் கூடத்துச் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும். தண்ணீர் எடுக்கும்போது ஊர்ப் பஞ்சாயத்தார் ஒருவர் உடன் நிற்க வேண்டும்.

முகத்துவாரத்து மணலை எப்போது, எந்தப் பக்கம் வெட்டுவது என்பதை அங்கே தொழில் செய்கிறவர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

கறுப்புத் தண்ணீர் வருகிறது என்று நாங்கள் போன் செய்தால், எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்று மேலே போய்த் தேட ஓர் ஆள் வேண்டும். “இது எங்க டிபார்ட்மென்ட் இல்ல” என்று சொல்ல ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, அடுத்த முகாமை மேட்டில் வையுங்கள். அடுக்குமாடிச் சங்கத்தார், ஓட்டல் முதலாளிகள், மெக்கானிக் ஷெட்காரர்கள், சலவைக் கம்பெனிகள், கழிவுநீர் லாரி ஓனர்கள் எல்லோரையும் கூப்பிடுங்கள். அவர்களுக்கு வியாபாரம் சூடாக இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். வகுப்பெடுக்க எங்கள் பெரியப்பா வருவார், அத்தைகள் வருவார்கள். பஸ் செலவு எங்களுடையது. தண்ணீரும் சொம்பில் நாங்களே கொண்டுவருகிறோம். இடது கைக்காரர்கள் இடது கையை நீட்டினாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
கடலை நேசிப்பதாகச் சான்றளிக்கப்பட்ட,
தங்கள் கீழ்ப்படிந்த பயனாளி.

பின்குறிப்பு: சான்றிதழில் எங்கள் குப்பத்தின் பெயர் தப்பாக அச்சாகியிருக்கிறது. திருத்தித் தர வேண்டாம். குழாயை அடைத்துத் தந்தால் போதும்.