பட்டுப் பிரிவு ஊழியனின் விளக்கக் கடிதம்

மேன்மைதங்கிய நிர்வாகத்தார் சமூகத்திற்கு, பட்டுப் பிரிவில் நின்றவண்ணமே ஜீவனம் நடத்திவரும் ஊழியன் அநேக நமஸ்காரங்களுடன் செய்துகொள்ளும் விண்ணப்பம்.

வாடிக்கையாளர் ஒருவரிடம் மறுத்துப் பேசி ஸ்தாபனத்தின் கௌரவத்துக்கு ஊறு விளைவித்ததற்கு நான் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டுமென்றும், அதனால் உண்டான நஷ்டத்தை அடுத்த மாதம் முதல் என் சம்பளத்தில் தவணை தவணையாகப் பிடித்துக்கொள்ள உத்தேசித்திருப்பதாகவும் தாங்கள் அனுப்பிய குறிப்பாணை கிடைத்தது. இக்கடையில் என் அபிப்பிராயத்தை எழுத்தில் கேட்டவர் இதுவரை ஒருவருமில்லை, தாங்கள் கேட்டீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு முதற்கண் என் வந்தனம். இதன் பிரதியொன்றைப் பத்திரிகைக்கும் அனுப்பியிருக்கிறேன். அதைப் படிப்பவர்கள் யாவரும் நமது வாடிக்கையாளர்களே ஆதலால் தாங்கள் ஆட்சேபிக்க மாட்டீர்கள்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முன்பு நம்மிடம் மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட காஞ்சிப் பட்டொன்றை வாங்கிச் சென்ற அந்த அம்மாள், முகூர்த்தம் கழிந்த மூன்றாம் நாள் அதே புடவையைக் கொண்டுவந்து, “பிரிக்கவே இல்லை, கலர் பிடிக்கலை, மாத்திக் குடுங்க” என்றார்கள். பிரித்தேன். ஃபால்ஸ் தைத்திருந்தது, ரவிக்கைத் துண்டு இருந்த இடத்தில் கத்தரியின் சுவடு இருந்தது, முந்தியில் சந்தனம் காய்ந்து ஜரிகையோடு ஒட்டியிருந்தது, கொசுவம் வைத்த மடிப்புக்குள்ளிருந்து மஞ்சள் தடவிய அட்சதை ஒன்று மேஜைமேல் உதிர்ந்தது. பிரிக்கப்படாத புடவைக்குள் யாருடைய கல்யாணம் நடந்தது என்று நான் கேட்கவில்லை. “அம்மா, இது கட்டின புடவை மாதிரி இருக்குதுங்களே” என்று மட்டுமே சொன்னேன். “அப்போ கட்டின புடவையைத்தான் என் தலையில கட்டினீங்களா?” என்று அவர்கள் எழுப்பிய குரலுக்கு, கீழ்த்தளத்துப் பாத்திரப் பிரிவிலிருந்துகூட ஆட்கள் படியேறி வந்துவிட்டார்கள்.

சூப்பர்வைசர் அவர்கள் வந்து அட்சதையைக் கையால் தள்ளிவிட்டு, என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். கையைக் கூப்பிக்கொண்டு கேட்கச் சொன்னார்கள். அப்படியும் கேட்டேன். “முகத்தைப் பாருங்க, மன்னிப்புக் கேக்குற மூஞ்சியா இது?” என்று அம்மாள் சந்தேகம் தெரிவிக்கவே, ஐம்பது பேர் முன்னிலையில் மூன்றாம் தடவையும் கேட்டேன். பிறகு அவர்களுக்குப் புதுப் புடவையும், மனவருத்தத்துக்கு ஈடாக இரண்டு கட்டைப்பையும் சமர்ப்பிக்கப்பட்டன. இத்தனையும் நடந்து முடியும்வரை அவர்களுடைய கணவர் நாற்காலியார்மேல் அமர்ந்து மோர் அருந்திக்கொண்டிருந்தார்.

நாற்காலியாரைப் பற்றிச் சற்றுப் பிரஸ்தாபிக்க வேண்டும். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் ஜவுளிக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடியதன் பலனாக 2018இல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. நமது ராஜ்யத்திலும் 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்பு நேரும்போது அவர்கள் உட்கார இயல வேண்டும் என்று விதித்தார்கள். அச்சட்டத்தின் பிரதிநிதியாக நமது தளத்துக்கு வந்துசேர்ந்தவரே நாற்காலியார். அவர் நீல நிறத்தவர், பிளாஸ்டிக் தேகத்தவர், தளம் முழுமைக்கும் ஒருவர். நாளெல்லாம் கால் ஊன்றி நிற்பதில் எங்களுக்குச் சற்றும் சளைக்காதவர் என்றாலும், அவரிடம் யாரும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அவர் சம்பளத்தில் கை வைத்ததுமில்லை. அவர்மேல் புடவை பார்க்க வந்தவர்களின் கணவன்மார் அமர்வார்கள். கணவன்மார் இல்லாத வேளைகளில் அவர்களது பைகள் அமரும். ஆடித் தள்ளுபடி மாதத்தில், கை கழன்ற பொம்மை ஒன்று அமர்ந்திருந்தது. ஊழியர் அமர்ந்ததைக் கண்டவர் எவருமிலர். சட்டம் சொல்லும் அந்த வாய்ப்பு நமது கடையில் ஷட்டரை இறக்கிய பின்பே நேர்கிறது. அதற்குள் கூட்டிப் பெருக்குவதற்காக நாற்காலியாரைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

நான் மன்னிப்புக் கேட்டு நின்ற இடத்துக்கு நேர் எதிரே, வாடிக்கையாளர் நம்மை நம்பியில்லை, நாமே அவரை நம்பியிருக்கிறோம் என்ற கருத்தைத் தாங்கிய பலகை காந்தியடிகளின் திருவுருவத்தோடு மாட்டப்பட்டிருக்கிறது. அந்த வாசகத்தை அவருடைய எழுத்துக்களில் தேடியவர்களுக்கு ஆதாரம் அகப்படவில்லை என்பார்கள், அது கிடக்கட்டும். ஜவுளி சம்பந்தமாக அந்த மகாத்மா ஐயத்துக்கிடமின்றிச் செய்த காரியம் ஒன்றுண்டு. விளக்குத்தூணை அடுத்த நமது கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மேலமாசி வீதியில், 1921 செப்டம்பரில், மேலாடையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். எல்லா வாடிக்கையாளர்களும் அவரைப் பின்பற்றினால் இக்கடையின் கதி என்னாகும் என்று யோசிக்காமல் ஜவுளிக் கடையில் அவரை மாட்டிவைத்த தங்கள் நெஞ்சுரத்தைப் போற்றுகிறேன்.

வாடிக்கையாளர் எல்லாரும் அந்த அம்மாளைப் போன்றவர்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். எடுத்துப் போட்ட புடவைகளைத் தாமே மடிக்க முயன்று, முடியாமல் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எம்.எஸ். நீலம்தான் வேண்டும், ஆனால் கொஞ்சம் பச்சையாக இருக்க வேண்டும் என்கிறவர்களைக்கூட நான் நேசிக்கிறேன். அலமாரி முழுவதையும் தரைக்கு இறக்கச் செய்து, வீடியோ காலில் அமெரிக்கா நாத்தனாருக்கு ஒவ்வொன்றாகக் காட்டி, “சும்மா பாக்கத்தான் வந்தோம்” என்று எழுந்திருப்பவர்களிடமும் எனக்கு விரோதமில்லை. அது வியாபாரம்.

ஆனால் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறார்களே, அது வியாபாரமில்லை. என் மகன் வயதுப் பையன் “டேய், அதை எடு” என்கிறான், நான் எடுக்கிறேன், தாங்கள் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்க்கிறீர்கள். சுடிதார் பிரிவில் நிற்கும் பெண்பிள்ளை தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் அனுமதி கேட்க வேண்டும். சாயங்காலத்துக்குள் எங்கள் கால் வீங்கிச் செருப்பு கொள்ளாது. இது அயோக்கியத்தனம். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

க்ஷமிக்க வேண்டும். பட்டுப் பிரிவில் உபயோகிக்கத்தகாத சொல் வந்துவிட்டது. சமூகத்தின் கருணையில் எனக்கு அணுவளவும் ஐயமில்லை.

சட்ட விஷயமாக இன்னொரு சிறு விண்ணப்பம். விற்ற சரக்கில் குறையிருந்தால், பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளோ, திரும்பப் பெற மறுப்பது முறைகேடான வணிகம் என்று 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மிகவும் நியாயமான சட்டம். சரக்கில் குறையில்லாமல் வாங்கியவரிடம் குறையிருந்தால் அவரை யாரிடம் திருப்பி ஒப்படைப்பது என்பதற்கு அதில் வழி காணோம். நாற்காலியாருக்குத் தெரிந்திருக்கலாம், கணவன்மாரைச் சுமந்தவர், குடும்ப ரகசியங்கள் அவரிடம் நிறைய இருக்கும்.

இனி நஷ்டக் கணக்கு. திரும்பி வந்த புடவையின் சந்தனக் கறையை நீக்கி, ஃபால்ஸைப் பிரித்து, இஸ்திரி போட்டு, பொருத்தமான வேறொரு ரவிக்கைத் துண்டைச் சேர்த்து மறுபடி அலமாரியில் வைக்கும்படி சூப்பர்வைசர் அவர்கள் உத்தரவிட்டிருக்கிறார்கள். அதாவது, கட்டின புடவையை விற்றுவிட்டார்கள் என்று அந்த அம்மாள் கூறிய குற்றச்சாட்டை, அவர்களுக்கு இல்லாவிட்டாலும் அடுத்து வரும் ஒரு புண்ணியவதிக்காவது மெய்யாக்கிவிடுவது என்று ஸ்தாபனம் தீர்மானித்திருக்கிறது. அதைச் செய்ய வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். தார்மிகக் காரணம் ஒன்றுமில்லை. புடவையின் முழுக் கிரயத்தையும் என் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் பட்சத்தில், அதைத் தவணைமுறையில் வாங்கியவன் நான். அது என் சொத்து.

ஆகவே முதல் தவணையைப் பிடித்த அன்றே எனக்கு உரிய ரசீது போட்டுத் தரும்படி கோருகிறேன். அதையடுத்து வரும் வாராந்தர விடுமுறையில் மனைவி சகிதமாக வந்து அப்புடவையை மாற்றிக்கொள்ள உத்தேசம். நாங்கள் பிரிக்கவே இல்லை, கலர் பிடிக்கவில்லை. மோர் அதிகம் புளிக்காமலிருந்தால் நலம். கட்டைப்பை இரண்டு போதும். அன்றைய தினம் எங்களிடம் கையைக் கூப்பிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப்போகிற ஊழியர் யார் என்பதை முன்கூட்டியே நிச்சயம் செய்து வைக்க வேண்டும். சூப்பர்வைசர் அவர்களாகவே இருப்பது உசிதம் என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கி நிற்கும்,
பட்டுப் பிரிவு ஊழியனும் தவணை வாடிக்கையாளனும்