அரிதாடிகளின் ஓடிடி கருவித் தேர்வு: ஓர் ஆய்வு

1. வரையறை

இணையத்தில் வரும் படத்தையும் தொடரையும் டிவித் திரையில் சேர்ப்பது ஓடிடி கருவி. கேம்ஸ் ஆடும் எண்ணம் உடையவராய், ஆடும் பழக்கம் இல்லாதவராய் இருப்பவர் அரிதாடி. அறவே ஆடாதவர் இவ்வாய்வுக்கு உரியவரல்லர். அவர் கடைக்குப் போய் ஒரு ஸ்டிக் வாங்கி வந்து அன்றிரவே படம் பார்த்துவிடுவதால் ஆராய ஒன்றும் மிஞ்சுவதில்லை. நாள்தோறும் ஆடுபவரும் உரியவரல்லர். அவர் கன்சோல் வாங்கியே தீர்வார், எந்த ஆய்வும் அவரைத் தடுக்காது. இவ்விருவருக்கும் இடைப்பட்டு, கடையில் ஒரு மணி நேரம் நின்றும் முடிவுக்கு வராமல் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புபவரே ஆய்வுப் பொருள்.

2. கருவிகளின் வகை

கருவிகள் நால்வகைப்படும்.

முதலாவது, டிவியே. ஸ்மார்ட் டிவி எனப்படுவதன் உள்ளேயே எல்லா ஆப்பும் உண்டு. ஆயினும் திரை பத்தாண்டு உழைத்தாலும் உள்ளிருக்கும் சிப் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. அப்டேட் நின்று, ஆப் திறக்க ஒரு நிமிடம் ஆகும் நிலை வந்த பின்னரே மற்ற மூன்று வகைகளும் வீட்டுக்குள் நுழைகின்றன.

இரண்டாவது, ஸ்டிக். கூகுள் 2013இல் 35 டாலருக்கு விற்ற குரோம்காஸ்ட் இதன் முன்னோடிகளுள் ஒன்று. அதற்கு ரிமோட் கிடையாது, கைப்பேசியே ரிமோட். அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் 2014இல் வந்தது. 2017இல் இந்தியாவில் 3,999 ரூபாய்க்கு இறங்கியது.

மூன்றாவது, பெட்டி. 2007இல் வந்த ஆப்பிள் டிவியும் 2008இல் வந்த ரோக்குவும் இவ்வினத்தின் மூத்தவை. ஸ்டிக் செய்வதையே இதுவும் செய்யும். பெரும்பாலும் கூடுதல் நினைவகம் இருக்கும், சிலவற்றில் இணையக் கேபிள் செருகும் துளையும் உண்டு.

நான்காவது, கன்சோல். இது விளையாட்டுக்கென்றே பிறந்தது; படம் காட்டுவது இதன் உபதொழில். 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடியை ஓட்டியது. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3 புளூ-ரேயை ஓட்டியது. “இதில் படமும் பார்க்கலாம்” என்று வீட்டாரிடம் சொல்லி அனுமதி பெறும் மரபு இவ்விரண்டினால் வலுப்பெற்றது.

3. அரிதாடிகளின் வகை

அரிதாடிகள் மூவகையர். உறவுக்காரப் பிள்ளைகள் வரும்போது மட்டும் ஆடுபவர் விருந்தாடி. கல்லூரி விடுதியில் ஆடியதை நினைத்துக்கொண்டே இன்று ஆடாதிருப்பவர் நினைவாடி. இந்த வேலை முடியட்டும், இந்தக் கடன் அடையட்டும், அப்புறம் உட்கார்ந்து ஆடலாம் என்பவர் வருங்காலாடி. மூவருள் கன்சோல் கடைக்காரரால் அதிகம் விரும்பப்படுபவர் வருங்காலாடியே.

மூவருக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. கன்சோலை அவர்கள் எப்போதாவது போடுவதால், போடும் ஒவ்வொரு முறையும் அது அப்டேட் கேட்கிறது. முதலில் கன்சோலுக்கு அப்டேட், பிறகு கேமுக்கு, பிறகு கையில் பிடிக்கும் கண்ட்ரோலருக்கும் தனியே ஒன்று. இக்காலப் பெரிய கேம் ஒன்று 50 ஜி.பி.யைத் தாண்டுவது சாதாரணம். 40 எம்.பி.பி.எஸ். இணைப்பில் 50 ஜி.பி. இறங்க ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கினால், இறங்கிய அளவைக் காட்டும் நீலக் கோடு கடைசி வரை போய்ச் சேரும்போது மாலைக் காப்பி வந்துவிடும்; அதற்குள் டிவியை வேறொருவர் கேட்டுவிடுவார். அரிதாடி உண்மையில் ஆடும் ஆட்டம் அந்தக் கோட்டைப் பார்த்திருப்பதே. அது நகர்வதில் ஒருவிதச் சுவை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

4. ஒன்றில் இரண்டு என்னும் வாதமும் மறுப்பும்

கன்சோல் ஒன்று வாங்கினால் கேம்ஸுக்கும் ஆச்சு, படத்துக்கும் ஆச்சு என்பாரும் உளர். அது பொருந்தாமை மூன்று வகையால் அறியப்படும்.

விலையால்: டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021இல் வந்தபோது 49,990 ரூபாய். மேற்சொன்ன ஸ்டிக்கின் அறிமுக விலையைப் போல இது பன்னிரண்டரை மடங்கு. எடையிலும் வேறுபாடு சிறிதன்று: அந்தக் கன்சோல் நாலரைக் கிலோ, ஸ்டிக் சில பத்துக் கிராமே. டிவி ஸ்டாண்டில் கன்சோலுக்கு இடம் விட வேண்டுமானால் கொலு பொம்மையோ கல்யாண போட்டோவோ இடம்பெயர வேண்டும். இதற்கு வீட்டில் ஒப்புதல் கிடைப்பது அரிது.

மின்சாரத்தால்: கன்சோல் படம் காட்டும்போது 60 வாட் இழுப்பதாகவும், ஸ்டிக் 3 வாட் இழுப்பதாகவும் கொள்க. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படம் ஓடினால், தமிழ்நாட்டில் ரீடிங் எடுக்கும் இரண்டு மாதத்தில் கன்சோல் பத்தே முக்கால் யூனிட்டும் ஸ்டிக் அரை யூனிட்டும் செலவழிக்கும். பத்து யூனிட் பெரிதன்று. ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் ஊரில், 495இல் நிற்கும் வீட்டுக்கு அது பெரிதே.

ரிமோட்டால்: இதுவே மூன்றனுள் வலிய காரணம். பிளேஸ்டேஷன் 5இன் கண்ட்ரோலரில் டிவியின் சத்தத்தைக் குறைக்கும் பட்டன் இல்லை. பாட்டு சீனில் சத்தம் ஏறும்போது டிவி ரிமோட்டைத் தேட வேண்டும். அது சோபாவின் இடுக்கில் இருக்கும். கண்ட்ரோலரைச் சிறிது நேரம் தொடாவிட்டால் அணைந்துவிடும். அடிக்கடி சார்ஜும் போட வேண்டும். படத்துக்கென்று தனி ரிமோட் விற்கிறார்களே எனின், அதற்குத் தனி விலை என்க. வீட்டில் ரிமோட் அதிக நேரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கேற்பவே கருவி அமைய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கை அரிதாடியினுடையதன்று. தொடர் பார்க்கும் பாட்டியினுடையது. கண்ட்ரோலரின் இரு குச்சிகளையும் பத்துக்கு மேற்பட்ட பட்டன்களையும் பாட்டியிடம் கொடுத்து, “நடுவில் இருப்பதைத் தொடாதீர்கள்” என்று சொல்லிவிட்டு அலுவலகம் போக முடியாது.

5. விதிவிலக்கு

டிஸ்க் சேர்த்து வைத்திருக்கும் வீடு இவ்விதிக்குப் புறம்பானது. 4கே புளூ-ரே டிஸ்க்கின் படத்தரத்துக்கு ஓடிடி ஈடாகாது. டிஸ்க் துளையுள்ள பிளேஸ்டேஷன் 5உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் அதை ஓட்டும். ஆனால் அலமாரியில் இருப்பவை பழைய பாட்டு சி.டி.க்கள் எனின், பிளேஸ்டேஷன் 5 அவற்றை ஓட்டாது. டிஸ்க் துளையே இல்லாத மலிவுக் கன்சோலை வாங்கிய அரிதாடிக்கு இவ்விதிவிலக்கு உதவாது.

6. ஸ்டிக் வாங்குவோர் நோக்க வேண்டியன

அட்டைப் பெட்டியின் மேல் 4கே என்று எழுதியிருப்பது போதாது. காப்புரிமைப் படங்களைப் பூட்டி அனுப்பும் வைட்வைன் என்னும் முறையில் எல்1, எல்3 எனத் தரங்கள் உண்டு. பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள் பலவற்றில் எல்3 மட்டுமே இருக்கும்; அவற்றில் நெட்ஃபிளிக்ஸ் பழைய டிவிடி தரத்துக்கு மேல் படம் அனுப்பாது. 55 அங்குலத் திரையில் அது கதாநாயகனின் மீசையையும் நிழலையும் பிரித்துக் காட்டாது.

ஸ்டிக்கை டிவியின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினால் மட்டும் ஓடாது. அத்துளை ஸ்டிக்குக்குப் போதிய மின்சாரம் தருவதில்லை. டிவியின் யூ.எஸ்.பி. துளையிலிருந்து எடுத்தால் பல டிவிகளில் கரண்ட் போதாமல் ஸ்டிக் நடுப்படத்தில் அணைந்து எழும். கூட வந்த சார்ஜரையே போட வேண்டும். ஆகவே டிவிக்குப் பின்னாலுள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், செட்-டாப் பாக்ஸ், மோடம், கொசு மருந்து மிஷின் ஆகியவை போக ஒரு பிளக் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே கடைக்குக் கிளம்ப வேண்டும்.

4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் வேகம் 15 எம்.பி.பி.எஸ்.; முழு எச்.டி.க்கு 5 போதும். எனவே படம் நின்று நின்று ஓடினால் இணைப்பின் வேகத்தைக் கூட்டுவதற்கு முன் மோடம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பீரோவின் மேல், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் வைத்த மோடத்தின் அலை ஹாலுக்கு வருவது கடினம்.

டிவி ரிமோட்டாலேயே ஸ்டிக்கையும் இயக்கும் வசதி பல டிவிகளில் உண்டு. சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்றும், எல்.ஜி. சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கும். செட்டிங்கில் அதைப் போட்டுவிட்டால் பிளாஸ்டிக் உறை மாட்ட வேண்டிய ரிமோட் ஒன்று குறையும்.

7. முடிபு

டிவியின் சொந்த ஆப்கள் ஒழுங்காக ஓடும் வரை எதுவும் வாங்க வேண்டியதில்லை. அவை தளர்ந்த பின், எல்1 தரமுள்ள நல்ல ஸ்டிக் ஒன்று போதும். கூடுதல் நினைவகமோ இணையக் கேபிளோ தேவைப்படும் வீட்டுக்குப் பெட்டி. 4கே டிஸ்க் சேர்ப்பவருக்கு மட்டும் கன்சோல். வருங்காலாடி ஆடும் காலம் வரும்போது அன்றைய கன்சோலை வாங்கிக்கொள்ளலாம். இன்று வாங்கியது அதற்குள் பழசாகியிருக்கும். நினைவாடிக்குக் கைப்பேசி கேம் போதும். விருந்தாடிக்குக் கேரம் போர்டு பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கு அப்டேட் கிடையாது, பவுடர் மட்டும் தனியே வாங்க வேண்டும்.