கோடிப் பேர் கேட்ட கீதம்

கேள்வி: யூட்யூபில் கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டை ஞாயிறு ஆராதனையில் பாடுவது பக்தியா, நாகரிக மோகமா?

பதில்: கேட்டவர் தொகையால் பக்தியை அளப்பதானால், மோட்சத்தின் வாசலில் கணக்குப்பிள்ளையைத்தான் நிறுத்தவேண்டும்! நைஜீரியாவில் கிறைஸ்ட் எம்பசி சபையின் ஆராதனையை நடத்திவந்த சினாக் என்ற அம்மையார் 2015-இல் வெளியிட்ட 'வே மேக்கர்' என்னும் கீதம், இணையத்தின் வழியே சமுத்திரங்களைத் தாண்டி, அமெரிக்கப் பாடகர்களும் தம் குரலில் பதிவுசெய்யும் அளவுக்குப் பிரபலமாகி, 2020-இல் அமெரிக்காவின் கிறிஸ்தவ இசைக்கான டவ் விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடலென்ற கீர்த்தியையும் பெற்றது. மிஷனரிகள் ஐரோப்பியக் கீதங்களைச் சுமந்துகொண்டு ஆப்பிரிக்கா சென்ற காலம்போய், ஆப்பிரிக்கா கீதம் அனுப்பும் காலம் வந்திருப்பதை நான் பேரானந்தத்தோடு வரவேற்கிறேன்.

இக்கீதம் தெய்வத்தின் குணநாமங்களைச் சிறிய பல்லவியில் அடுக்கி, அதையே திரும்பத் திரும்பப் பாடவைத்திருப்பதால், சங்கீத ஞானமே இல்லாதவரும் இரண்டாம் முறையிலேயே சேர்ந்துகொள்ளமுடிகிறது. அதன் பெருமை அங்கேதான் இருக்கிறது. ஆனால், ஒலிப்பதிவில் கேட்ட உச்ச ஸ்தாயியையே ஆராதனைத் தலைவர் பிடிவாதமாகப் பற்றிக்கொள்வாராயின், முதல் சரணத்தில் ஆண்கள் மௌனமாகி, இரண்டாவதில் மூதாட்டிகளும் வாய்மூடி, முடிவில் சபை முழுவதும் சபாவாகி, அவர் ஒருவரே வித்துவானாக நிற்பார். கைதட்டலைப் பெறுவது பாடகரின் தொழில். ஜனங்களின் வாயைத் திறப்பது ஆராதனைத் தலைவரின் ஊழியம். ஆகவே, ஐயா, பாட்டைத் தாராளமாகப் பாடுங்கள். சுருதியை மட்டும் சற்றே இறக்கச் சொல்லுங்கள்.