அப்பத்தா சொல்லித் தாற சோம்பேறித்தனம்

வா கண்ணு, உக்கோரு. அட, அந்தத் துணிக்கூடை எதுக்கு? பேசிக்கிட்டே மடிச்சுப்போடலாம்னுதானே தூக்கிட்டு வந்தே? கீழ வை. அதான் உன்ற சீக்கு. சித்த நேரம் சும்மா இருந்தா திண்ணை சுடுதா உனக்கு?

“ஒரே அலுப்பா இருக்குது அப்பத்தா”ங்கறே. இருக்காதா பின்ன? வெடியால எந்திரிச்சு மூணு டப்பா கட்டி, புள்ளைங்களை வேனுல ஏத்தி உட்டுப்போட்டு, பனியன் கம்பெனிக்கு ஓடி, சாம்பிளு, ஷிப்மெண்டுன்னு பையர்கிட்ட மல்லுக்கட்டி, பொழுதோட ஊட்டுக்கு வந்தா மறுக்கா அடுப்படி. நம்ம திருப்பூர்ல ஒரு நாயம் இருக்குது பாரு. எட்டு மணி நேரம் நின்னா ஒரு ஷிப்ட்டு. அதுக்கு மேல நாலு மணி நேரம் நின்னா ஒண்ணரை ஷிப்ட்டு, அதுக்குத் தக்கன காசு. அந்த நாயம் கம்பெனி கேட்டோட நின்னுபோச்சு, ஊட்டு வாசப்படி ஏறலை.

அன்னைக்கு என்ற பேரன், அதான் உன்ற ஊட்டுக்காரன், எனக்குப் பேப்பர் படிச்சுக் காட்டினான். ஆரு எத்தனை நேரம் என்ன வேலை செய்யறாங்கன்னு 2024-ல கவர்மெண்டு நாடு பூராவும் கணக்கெடுத்துச்சாமா. ஊட்டு வேலைக்குப் பொம்பளைங்க நாளைக்கு 289 நிமிசம், ஆம்பளைங்க 88 நிமிசம். “அநியாயம் அப்பத்தா”ன்னு நெம்ப வருத்தப்பட்டான் பையன். வருத்தப்பட்டு முடிச்சு, உள்ள திரும்பி, “காபி ஆச்சா?”ன்னு உன்னைக் கேட்டான். அந்த 88-லயும் ஒரு சூட்சுமம் இருக்குது கண்ணு. ஊட்டு வேலைன்னு எதையாவது தொட்ட ஆம்பளைங்களை மட்டும் வெச்சுப் போட்ட சராசரி அது. ஒரு டம்ளரைக்கூட நகத்தாதவன் அந்தக் கணக்குலயே வரமாட்டான். 2019-ல எடுத்தப்போ பொம்பளைக்கு 299, ஆம்பளைக்கு 97. அஞ்சு வருசத்துல உனக்குப் பத்து நிமிசம் குறைஞ்சா அவனுக்கும் ஒம்பது குறைஞ்சிருக்குது. என்ற பேரனைக் குத்தம் சொல்லாத, அவன் நாட்டோட ஒத்துத்தான் போறான்.

“எங்க காலத்துல மிக்ஸி ஏது, கிரைண்டர் ஏது, எல்லாம் தனி ஆளாச் செஞ்சோம்”னு உன்ற மாமியா சொல்லுவா. நம்பாத. ஆட்டாங்கல்லுல நான் ஆட்டினா தள்ளி உட நாத்தனா இருந்தா. பருத்திக் காட்டுக்குப் போனா வேப்பமரத்துல தூரி கட்டிப் புள்ளையைப் போட்டுருவோம், காவலுக்கு ஒரு கெழவி இருப்பா. அதோட தினமும் இட்லி ஏது? நோம்பிக்குத்தான். மத்த நாளெல்லாம் ராத்திரி ஆக்கின கம்மஞ்சோத்தைக் கரைச்சுக் குடிச்சாத் தீந்துது. அதையெல்லாம் அவ மறந்துபோட்டா. நானும் ஒறம்பரை வந்தா மறந்தாப்பலதான் பேசுவேன்.

இப்ப வித்தையைக் கேட்டுக்கோ. வேலையை நல்லாச் செய்யறதை நிறுத்து. உன்ற மாமனாரு கல்யாணமான புதுசுல பால் காச்சறேன்னு போயிப் பொங்க உட்டுப்போட்டான். அன்னைக்கு அடுப்படியை உட்டு வெளிய வந்தவன்தான், இன்னும் உள்ள போகலை. ஒரு படி பால்ல ஆயுசுக்கும் விடுதலை வாங்கிப்போட்டான், எத்தனை கெட்டிக்காரத்தனம் பாரு! நீ என்னடான்னா காச்சலோட எந்திரிச்சு வந்து சட்டினிக்குத் தாளிச்சுக் கொட்டறே. அப்புறம் ஆரு உன்னை உடுவாங்க? ஒரு வாரம் உப்பைக் குறைச்சுப் போடு. உன்ற ஊட்டுக்காரன் கேட்டான்னா, “நாக்குக்கு ஒண்ணுமே தெரியறதில்லைங்க, நீங்களே சித்தெ பார்த்துப் போட்டுருங்க”ன்னு பவ்வியமாச் சொல்லு. நாலு நாள்ல உப்பு டப்பா எங்க இருக்குதுன்னு கத்துக்குவான்.

அவன் மடிச்ச சட்டை கோணலா இருந்தா கோணலாவே கெடக்கட்டும். நீ பொறகாலயே போயி நீவி உட்டீன்னா அன்னையோட அவன் உத்தியோகம் போச்சு. “என்ற பேரனாட்டம் ஆரு துணி மடிப்பா”ன்னு நான் பக்கத்து ஊட்டுக்கும் கேக்கறாப்பல சொல்லுவேன். உனக்கு வயிறு எரியும். இத்தனை வருசம் நீ மடிச்சதுக்கு ஒரு நாளாவது சொன்னேனான்னு கேப்பே. சொல்லலை. சொல்லியிருந்தா நீ இன்னும் நாலு சட்டை சேர்த்து மடிச்சிருப்பே.

இது மட்டும் வெளையாட்டில்லை. படியேறினா மூச்சு வாங்குது, தலை கிறுகிறுங்குதுன்னியே, அது வெறும் அலுப்புன்னு உட்டுறாத. ரத்தம் பாரு. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ இருந்தா ரத்தசோகை. தமிழ்நாட்டுல பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு மேல அதோடதான் வேலைக்குப் போயிட்டு வாறாங்க. தைராய்டும் சேர்த்துப் பார்த்துரு. டாக்டர் இரும்பு மாத்திரை குடுத்தா அதைக் காபியோட முழுங்காத, ஒடம்புல ஒட்டாது. முருங்கைக்கீரை தின்னாச் சரியாப் போயிரும்பா உன்ற மாமியா. “ஆமாங்கத்தை”ன்னு சொல்லி, கீரையை உருவ அவ கையிலயே குடுத்துரு.

அப்புறம் உன்ற சின்னப் புள்ளை சங்கதி. அம்பது பேரு வேலை செய்யற எடத்துல புள்ளைக் காப்பகம் இருக்கோணும், தாய்க்காரி நாளைக்கு நாலு தடவை போயிப் பார்த்துக்கலாம்னு 2017-லயே சட்டம் போட்டாச்சாமா. நீ தனியாப் போயி எச்.ஆர்.கிட்டக் கேக்காத, கெட்ட பேரு வாங்குவே. பத்துப் பேராச் சேர்ந்து போயி, “காப்பகம் எந்தப் பக்கங்க, புள்ளையைக் கொண்டாரலாம்னு இருக்கறோம்”னு வெகுளியா நில்லுங்க.

ஞாயித்துக்கெழமை மத்தியானம் எனக்குக் கால் வலி வரும். தைலம் தேய்க்கோணும்னு உன்னைத்தான் கூப்பிடுவேன். வந்து தாப்பாளைப் போட்டுக்கோ. தேய்க்க வேண்டாம், படுத்து ஒறங்கு. நான் நடுநடுவே “ஐயோ, அம்மா”ன்னு வெளிய கேக்கறாப்பல மொனகறேன்.

அந்தா, வண்டிச் சத்தம். வந்துட்டான். இப்ப நான், “இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு என்ன வேலை, எல்லாம் மிஷினுதானே செய்யுது”ன்னு ஆரம்பிப்பேன். நீ வாயைத் தொறக்காத, மூஞ்சியை மட்டும் தொங்கப் போட்டுக்கோ. உனக்காக அவனே என்கூடச் சண்டைக்கு வருவான். என்னை எதுத்துப் பேசறதுன்னா அவனுக்குச் சின்ன வயசுலயிருந்தே நெம்ப இஷ்டம்.