ராகுவுக்கு முந்தி 55 நிமிஷம்

மன்ஹைம், ஜெர்மனி
25.1.2026, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

மாமியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கார் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன் என்று நீங்கள் கோபமாக இருப்பதாக அம்மா சொன்னாள். ராணித்தோட்டம் டிப்போவில் முப்பது வருஷம் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடந்தவருக்கு ஒற்றைப் படத்தால் கணக்குத் தீர்க்க முடியுமா? ஒழுங்கான அறிக்கை தர வேண்டாமா? இன்று ஞாயிறு. இங்கே கடைகள் மூடியிருக்கும். தெருவில் நிறுத்திக் காரைக் கழுவினால் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார். கடிதம் எழுதினால் மட்டும் யாரும் முறைப்பதில்லை.

முதலில் நேரம். டெலிவரிக்குக் கார்க் கடைக்காரர்கள் தந்தது வெள்ளிக்கிழமை 10.30. போனில் நீங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நம் ஊர் காலண்டரில் வெள்ளிக்கிழமை ராகு காலம் தொடங்குகிற அதே நிமிஷம்! மாற்றித் தரக் கேட்டேன். அடுத்தது பிப்ரவரி 11 என்றார்கள். இந்த ஊரில் 'டெர்மீன்' என்று ஒன்று உண்டு மாமா. குறித்துக் கொடுத்த நேரம். முகூர்த்தம் தவறினாலாவது பரிகாரம் இருக்கிறது. டெர்மீன் தவறினால் ஒன்றும் கிடையாது.

கடைசியில் வழி கண்டுபிடித்தவரும் நீங்கள்தான். "ராகு கடிகாரத்தையா பாக்காரு மக்கா? சூரியனைத்தானே பாக்காரு!" தை மாதத்தில் இங்கே சூரியன் எழுவது எட்டு மணிக்கு மேல், ஐந்து மணிக்கு அஸ்தமனம். பகலை எட்டாக வகுத்து, வெள்ளிக்கிழமைக்கு நாலாம் பங்கு என்று கணக்குப் போட்டு, 11.25 வரை பயமில்லை என்றீர்கள். நாகராஜா கோயில் ஊர்க்காரனுக்கு ராகு இந்தச் சலுகைகூடத் தர மாட்டாரா என்று நானும் கிளம்பினேன். கையில் 55 நிமிஷம்.

அதில் இருபதை விற்பனையாளர் விழுங்கிவிட்டார். ஆறரை அடி உயரம், தங்கமான மனுஷன். இங்கே எல்லாரையும் போல என்னைக் குடும்பப் பெயரால், அதாவது அப்பா பெயரால்தான் கூப்பிட்டார். காகிதப்படி கார் வாங்கியது அப்பாதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பி கொடுத்து, போனைக் காரோடு இணைத்து, இருக்கைக்குச் சூடேற்றும் பொத்தானைக் காட்டி, "இங்கே ஒரு கையெழுத்து" என்றார்.

"முதலில் வண்டியைப் பார்க்கிறேன்" என்றேன்.

"பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?"

நான் பையைத் திறந்தேன். டார்ச், துணி, நீங்கள் கொடுத்த காற்றழுத்த கேஜ், உங்கள் பட்டியல், நாலு எலுமிச்சம்பழம். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் இடம் மாறியது.

நீங்கள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டேன்: கையெழுத்துக்கு முந்தின கீறல் கடைக்காரனுக்கு, பிந்தின கீறல் நமக்கு. எஞ்சின் மக்கர் செய்தால் இங்கே இரண்டு வருஷத்துக்கு விற்றவரைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. பெயிண்டில் கோடு விழுந்தால் அது எப்போது விழுந்தது என்று சாட்சி சொல்ல யார் வருவார்?

முதலில் சேசிஸ் நம்பர். கண்ணாடிக்குக் கீழே உள்ளதையும் பதிவுக் காகிதத்தில் உள்ளதையும் பதினேழு எழுத்தும் ஒத்துப் பார்த்தேன். ஐ, ஓ, கியூ மூன்றும் அதில் வரவே வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்று நீங்கள் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவருக்கே அது புதுச் செய்தி.

அடுத்து பெயிண்ட். அப்போதுதான் கழுவி, முத்து முத்தாக நீர் நிற்க நிறுத்தியிருந்தார்கள். "ஈரத்துல எல்லா வண்டியும் புதுசுதான்" என்ற உங்கள் வாக்கு நினைவுக்கு வந்தது. துடைத்து வெளியே கொண்டுவரச் சொன்னேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி. பக்கவாட்டில் குனிந்து, கதவு இடுக்குகளில் விரலை ஓட்டி, கடைசியில் தரையில் படுத்து டார்ச் அடித்தேன். அவர் பதறிப்போய், "ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?" என்றார்.

தொலைக்கவில்லை, கண்டுபிடித்துவிட்டேன்! பின்னால் இடது கதவின் கீழ் விளிம்பில் அரிசி மணி அளவுக்குப் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. சண்டைக்கென்று இரண்டு நாளாக ஒரு ஜெர்மன் வாக்கியத்தை வேற்றுமை உருபு பிசகாமல் உருப்போட்டு வைத்திருந்தேன். அவர் குனிந்து பார்த்தார், அளந்தார், படம் எடுத்தார், படிவத்தில் எழுதினார், எனக்கு நன்றியும் சொன்னார். என் வாக்கியம் வீணாய்ப் போனது. எதிராளி சண்டைக்கு வராத ஊரில் தமிழன் எப்படிப் பிழைப்பது?

டயரில் 3925 என்று இருந்தது. 2025-இல் 39-ஆவது வாரம், புதுசுதான். பிறகு உங்கள் கேஜை வைத்தேன். 45 காட்டியது. கதவோர ஸ்டிக்கரில் 2.4 பார், நம் பி.எஸ்.ஐ. கணக்கில் 35. நெடுநாள் நிற்கிற வண்டியின் டயர் ஒரு பக்கமாகத் தட்டையாகாமல் இருக்கக் காற்றைக் கூட்டி அனுப்புவார்கள், டெலிவரிக்கு முன் இவர்கள் குறைக்க வேண்டும், மறந்துவிட்டார்கள். கேஜோடு வந்த முதல் வாடிக்கையாளர் நான்தானாம். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொடுத்துவிட்டு வரவில்லை, பயப்படாதீர்கள்.

"ஸ்டெப்னி எங்கே?" என்றேன். விழித்தார். வேல்ஸில் ஸ்டெப்னி தெருவில் செய்த மாற்றுச் சக்கரத்தின் பெயரை நாம் நூறு வருஷமாகக் கட்டிக் காக்கிறோம், இவர்களுக்குத் தெரியவில்லை. ஸ்டெப்னியே கிடையாது மாமா. ஒரு டப்பா பசையும் குட்டிக் காற்றடிப்பானும் இருந்தன. கூடவே முக்கோணம், ஒளிரும் சட்டை, முதலுதவிப் பெட்டி. இந்த மூன்றும் இங்கே சட்டப்படி வண்டியில் இருக்க வேண்டும்.

ஸ்டெப்னி இல்லாமல் நடுவழியில் நின்றால் என்ன செய்வது? உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் புறப்பட்டதும் இந்த ஊரிலிருந்துதான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், காரைச் செய்த புருஷனிடம் சொல்லாமல் இரண்டு பையன்களோடு தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கும் மேல். எரிபொருளுக்கு மருந்துக் கடையில் ஒரு திரவம் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்ததும் தொப்பி ஊசியால் குத்திவிட்டார். பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரைப் பிடித்துத் தோல் அடித்துக்கொண்டார். உங்கள் கண்ணில் பட்டிருந்தால் டிப்போவில் வேலை போட்டுக் கொடுத்திருப்பீர்கள். எனக்குப் பசை டப்பாதான்.

மணி 11.15. கையெழுத்துப் போட்டேன். மாமி அனுப்பிய நாகராஜா கோயில் மண் பிரசாதத்தை ஸ்டீயரிங்கில் ஒரு துளி வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுத் திறந்தால், அந்தப் புண்ணியவான் துணியோடு வந்து துடைத்துக்கொண்டிருக்கிறார். வண்டியில் அழுக்கு என்று மன்னிப்பு வேறு! இன்னொரு துளி வைத்து, இது அழுக்கு இல்லை, சாமி என்றேன். அவசரத்தின் காரணத்தையும் சொன்னேன். சிரிக்கவில்லை அவர். எந்நேரமும் கோளாறு செய்கிற காரை இங்கே 'திங்கட்கிழமை வண்டி' என்பார்களாம், ஞாயிறு அலுப்போடு வந்து பூட்டியது என்று. "உங்களுக்கு வெள்ளி, எங்களுக்குத் திங்கள்" என்றார்.

11.23-க்கு நாலு சக்கரமும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கின. கண்ணாடியில் பார்த்தேன்: நசுங்கின பழத்தைப் பொறுக்கி, மட்கும் குப்பைத் தொட்டிக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். நம் திருஷ்டியையும் தரம் பிரித்துத்தான் போடுகிறார்கள்.

வீதிக்கு வந்ததும் கார் கத்த ஆரம்பித்தது. ஐம்பதில் போக வேண்டிய இடத்தில் ஐம்பத்துமூன்று. 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கிற எல்லாப் புதுக் காரும் இப்படி எச்சரிக்க வேண்டுமாம். கோடு தாண்டினால் ஒரு சத்தம், கண் அசந்தால் ஒரு சத்தம். பின் சீட்டில் மாமி உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

அதற்குப் பொருத்தமாகவே நம்பர் அமைந்துவிட்டது. இங்கே பத்து யூரோ இருபது சென்ட் கூடுதலாகக் கொடுத்தால் பிடித்த எழுத்தும் எண்ணும் வாங்கலாம். மன்ஹைமுக்கு எம்.ஏ. என்பது கட்டாயம். அதன் பின்னால் எம்.ஐ. போட்டுக்கொண்டேன். சேர்த்துப் படியுங்கள். எண் 74. மாமி தன் வயதை ஊரறிய எழுதிவிட்டேன் என்று சண்டைக்கு வருவாள். அது நாகர்கோவில் டி.என். 74 என்று நீங்கள்தான் சமாதானம் சொல்ல வேண்டும். உங்கள் பெயரைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த ஊரில் 'மாமா' என்றால் அம்மா. தாய்மாமனுக்கு அதுவும் தப்பில்லைதான், இருந்தாலும் விளக்கிச் சொல்ல என் ஜெர்மன் போதாது.

அன்புடன்,
உங்கள் மருமகன்

பி.கு.: அந்த அரிசி மணிப் பெயிண்டைச் சரிசெய்ய டெர்மீன் வந்துவிட்டது. பிப்ரவரி 27, வெள்ளி, 11.30. சூரியன் அதற்குள் சீக்கிரம் எழ ஆரம்பித்துவிடுவார். கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.