ஒரு பவுண்டு காற்று, ஒரு கிலோ ஜிலேபி

கேள்வி: கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. ஏரியில் தூண்டில் போட ரப்பர் படகு ஒன்று வாங்க ஆசை. இப்போதே வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வாங்கலாமா?
(மின்வாரிய ஊழியர், செங்கல்பட்டு)

பதில்: இப்போதே வாங்குங்கள் ஐயா. நீங்கள் பணம் சேர்ப்பதற்குள் விராலும் வளரும், விலையும் வளரும். ஆனால் கடை வாசலை மிதிப்பதற்கு முன்பே அந்தப் பத்தாயிரத்திலிருந்து லைஃப் ஜாக்கெட்டுக்கும் பம்புக்கும் ஆகிற தொகையை எடுத்து வேறு பையில் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சத்தில்தான் படகு. படகை முதலில் வாங்கிவிட்டால் ஜாக்கெட் அடுத்த மாதத்துக்குப் போகும், அந்த அடுத்த மாதம் வரவே வராது.

இந்த விலைக்குக் கிடைப்பது வினைல் படகு. உள்ளே துணி இழை எதுவும் இல்லாத வெறும் பிளாஸ்டிக் தாள். அடுத்த படியில் இருப்பது, பாலியஸ்டர் துணியின் இரு பக்கமும் பி.வி.சி. பூசிச் செய்த படகு. அந்தத் துணி பெரும்பாலும் 0.7 முதல் 0.9 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். கல்லில் உரசினாலும் தாங்கும். விலை நம் கைக்கு எட்டாது. வினைல் போதும். ஏரி அல்லது குளம், காலை நேரம், கூப்பிட்டால் கரையில் இருப்பவருக்குக் கேட்கிற தூரம், இந்த மூன்றுக்குள் நீங்கள் நின்றுகொண்டால் வினைல் உங்களைக் கைவிடாது.

கேள்வி: பெட்டியில் இரண்டு பேர் படம் போட்டிருக்கிறது. நானும் மச்சானும் போகலாமா?
(ஜவுளிக்கடை விற்பனையாளர், ஈரோடு)

பதில்: படத்தைப் பார்க்காதீர்கள், கிலோவைப் பாருங்கள். இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 200 என்ற படகு இரண்டு பேருக்கானது என்றுதான் விற்கப்படுகிறது. அது தாங்கும் மொத்த எடை 95 கிலோ. ஆளுக்கு 47 கிலோ வருகிறது. உங்கள் மச்சான் கல்யாணத்துக்கு முன்பு அந்த எடையில் இருந்திருக்கலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே படகின் நீளம் 185 செ.மீ., அகலம் 94 செ.மீ. இவை வெளி அளவுகள். இரண்டு பக்கக் காற்றுக்குழாயையும் கழித்தால் நடுவில் உட்கார மிஞ்சுவது ஏறத்தாழ ஒரு முழம். அதில் ஒரு ஆள், ஒரு ராடு, ஒரு வாளி, அவ்வளவுதான். சீஹாக் 2 என்பது 236 செ.மீ. நீளம், 114 செ.மீ. அகலம், 200 கிலோ. இரண்டு பேர் சும்மா சுற்றிவர அது சரி. தூண்டில் போட அதிலும் ஒருவர்தான் வசதி. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ராடு வீசினால் மீனுக்கு முன்னால் மச்சான் காதில் முள் ஏறும். போட்டிருக்கும் எடையை முழுதாக ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு தண்ணீரில் உயரமாக நிற்கும், துடுப்பும் லேசாக இருக்கும்.

கேள்வி: கடையில் எதைத் தொட்டுப் பார்த்து வாங்குவது?
(கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: முதலில் அறைகளை எண்ணு தம்பி. காற்று ஒரே அறையாக இருந்தால் ஒரு முள் போதும், மொத்தப் படகும் போயிற்று. சுற்றுச்சுவரில் குறைந்தது இரண்டு தனித்தனி அறை வேண்டும், தரைக்கு இன்னொன்று. ஒன்று போனாலும் மற்றது உன்னைக் கரை வரை தூக்கி வரும். விலையில் எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்காதே.

அடுத்தது வால்வு. அகலமான, இரண்டு மூடி வைத்த வால்வாக இருந்தால், பம்பை எடுத்ததும் உள்ளே இருக்கும் சிறு மடல் காற்றைப் பிடித்துக்கொள்ளும். கடற்கரைப் பந்தில் இருப்பது போன்ற குட்டி மூக்கு வால்வாக இருந்தால், மூடியைத் தேடுவதற்குள் அடித்த காற்றில் கால்வாசி ஊருக்குப் போய்விடும். துடுப்புக் கொக்கி படகோடு ஒட்டி வார்த்ததா, மேலே சும்மா ஒட்டவைத்ததா என்று இழுத்துப் பார். கப் ஹோல்டர், தலையணை, நிறம் இதற்கெல்லாம் காசு கொடுக்காதே. கூடவே வரும் பிளாஸ்டிக் துடுப்பு வளையும். அது வளைந்து வளைந்தே ஒரு சீசனை ஓட்டிவிடும், பயப்படாதே.

கேள்வி: காலையில் சரியாகத்தான் காற்றடித்தேன். மதியம் சாப்பிடக் கரையேறி, படகை வெயிலில் போட்டுவிட்டு வந்தால், தையல் விட்டுக் கிடக்கிறது. கம்பெனி ஏமாற்றிவிட்டதா?
(மளிகைக் கடைக்காரர், திருவண்ணாமலை)

பதில்: கம்பெனி இல்லை, சூரியன். கணக்கு போட்டுக் காட்டுகிறேன், உங்களுக்குக் கணக்கு பழக்கம்தானே.

நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. காலையில் அதற்கு மேல் ஒரு பவுண்டு அடித்தீர்கள் என்று வையுங்கள். குழாய்க்குள் இருப்பது மொத்தம் 15.7. அப்போது வெப்பம் 27 டிகிரி. மதியம் அடர்நிற வினைல் வெயிலில் கிடந்து, உள்ளே இருக்கும் காற்று 57 டிகிரிக்குப் போகிறது. காற்றுக்கான கணக்கைக் கெல்வினில் போட வேண்டும்: 300 ஆக இருந்தது 330 ஆகிவிட்டது. பத்து சதவீதம் கூடுதல். 15.7-ம் பத்து சதவீதம் ஏறி 17.27 ஆகும். வெளிக்காற்றின் 14.7-ஐக் கழித்தால் மிஞ்சுவது 2.57. நீங்கள் அடித்தது ஒரு பவுண்டு, வெயில் அதை இரண்டரை பவுண்டு ஆக்கிவிட்டது. வினைல் விரிந்து கொடுப்பதால் முழுதும் ஏறாது. ஆனால் அந்த விரிவைத் தாங்க வேண்டியது ஒட்டுப்போட்ட இடம்தானே.

தண்ணீரில் இருக்கும்வரை படகுக்கு ஆபத்தில்லை, அடியிலிருந்து ஏரி அதைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். கரைக்கு வந்ததும் வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விடுங்கள், அல்லது புளியமர நிழலில் போடுங்கள். இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: வெயிலில் விறைப்பாக அடித்த படகு தண்ணீரில் இறங்கியதும் தொளதொளவென்று ஆகும். ஓட்டை விழுந்துவிட்டது என்று அலற வேண்டாம். காற்று குளிர்ந்திருக்கிறது. நாலு பம்பு அடித்தால் சரியாகிவிடும்.

கேள்வி: பங்க்சர் கடை கம்ப்ரசரில் காற்று பிடிக்கலாமா? கை வலிக்கிறது.
(ஆட்டோ ஓட்டுநர், கடலூர்)

பதில்: உங்கள் ஆட்டோ டயருக்கு முப்பது பவுண்டு பிடிப்பவரிடம் ஒரு பவுண்டு பொருளை நீட்டாதீர்கள். இரு பக்கமும் காற்று தள்ளும் கைப்பம்பு ஒன்று வாங்குங்கள். இழுத்தாலும் காற்று போகும், அமுக்கினாலும் போகும். ஒரே அறையை முழுதாக நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் பாதி பாதி நிரப்பிப் பிறகு விறைப்பாக்குங்கள்.

கேள்வி: எங்கள் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். அங்கே ரப்பர் படகு நிற்குமா?
(விவசாயி, ராமநாதபுரம்)

பதில்: அண்ணாச்சி, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். நம் ஊரில் காற்றுப்படகைக் கொல்வது பாறை இல்லை, கருவேல முள்தான். கோடையில் கண்மாய்க்குள் முளைத்த கன்று மழைக்குப் பிறகு தண்ணீருக்குள் மறைந்து நிற்கும். அதனால் தண்ணீர் வற்றியிருக்கும்போதே ஒரு நடை போய், எந்தப் பக்கம் முள் இல்லை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மடைப் பக்கமும், மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கும் துறையும் சுத்தமாக இருக்கும்.

கரையில் தார்ப்பாய் விரித்து அதன் மேல் காற்றடியுங்கள். படகை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். ஒரு ஆள் தூக்குகிற எடைதான்.

வெளி முள்ளுக்கு இவ்வளவு சொன்னேன், உள்ளே நீங்களே ஏற்றும் முள்ளை மறந்துவிடக் கூடாது. கெளுத்தியைத் தூக்கிப் படகுக்குள் போட்டதும் அது என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்: இரண்டு பக்கத் துடுப்பு முள்ளையும் விறைத்துப் பூட்டிக்கொண்டு துள்ளும். அந்த முள்ளின் ஓரம் ரம்பம் மாதிரி. ஜிலேபியின் முதுகுத் துடுப்பில் வரிசையாக ஊசிகள். கொடுவாயின் செவுள் மூடி கத்தி விளிம்பு. எதையும் தரையில் போடக் கூடாது. மூடியுள்ள பெயிண்ட் வாளி ஒன்று, கைவலை ஒன்று. மீன் வலையிலிருந்து நேராக வாளிக்கு. தரையில் பழைய யோகா பாய் ஒன்றை வெட்டிப் போடுங்கள். கத்தி உறைக்குள், மும்முனைத் தூண்டில் டப்பாவுக்குள். நங்கூரத்துக்கு இரும்புக் கொக்கி வேண்டாம். ஐந்து லிட்டர் கேனில் மணல் நிரப்பிக் கயிறு கட்டினால் படகையும் கிழிக்காது, ஏரிக் காற்றையும் தாங்கும். கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும்.

கேள்வி: என் கணவருக்கு நன்றாக நீச்சல் தெரியும். லைஃப் ஜாக்கெட் தேவையில்லை என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.
(ஆசிரியை, சேலம்)

பதில்: அம்மா, இந்தப் பத்தியை அவர் கண்ணில் படும்படி வையுங்கள். ஐயா, உங்கள் நீச்சலை நான் சந்தேகப்படவில்லை. நீங்கள் விழப்போவது நீச்சல் குளத்தில் இல்லை. தாமரைக்கொடி காலைச் சுற்றும், தூண்டில் நரம்பு விரலைச் சுற்றும், சட்டையும் பேன்ட்டும் தண்ணீர் குடிக்கும், அடியில் முழங்கால் அளவு சேறு. காற்றுப்படகில் திரும்ப ஏறுவதே ஒரு வித்தை: பக்கத்தைப் பிடித்தால் அது உங்கள் மேலேயே கவிழும். பின்பக்கமாக வந்து, காலை உதைத்து உடம்பை மிதக்கவிட்டுத்தான் வயிற்றால் ஏற வேண்டும். அந்த நேரத்தில் உங்களைத் தூக்கிப் பிடிப்பது ஜாக்கெட் ஒன்றுதான். உள்ளே நுரை வைத்ததாக, உங்கள் எடைக்கானதாக, வாருகளை இறுக்கித் தோளைப் பிடித்து மேலே தூக்கினால் காதுவரை ஏறாததாக வாங்குங்கள். வாங்கி மடியில் வைத்துக்கொள்ளாமல், போட்டுக்கொள்ளுங்கள். படகில் எழுந்து நிற்காதீர்கள், பெரிய மீன் மாட்டினாலும்.

கேள்வி: ரப்பர் படகில் அட்லாண்டிக்கையே ஒருவர் கடந்திருக்கிறாராமே. நான் நீலாங்கரையில் அரை கிலோமீட்டர் போகக் கூடாதா?
(மென்பொருள் பொறியாளர், சென்னை)

பதில்: கடந்தார். பிரெஞ்சு மருத்துவர் அலன் பொம்பார், 1952-ல், நாலரை மீட்டர் சோடியாக் படகில், பாய் கட்டிக்கொண்டு தனியாக. அக்டோபர் 19 அன்று கானரித் தீவுகளிலிருந்து கிளம்பி, 65 நாள் கழித்து பார்படோஸ் சேர்ந்தார். கரையேறும்போது உடம்பில் 25 கிலோ குறைந்திருந்தது. கப்பல் உடைந்தவர்கள் கடலில் பிழைக்க முடியும் என்று காட்டப் போனவர் அவர். நீங்கள் சங்கரா பிடிக்கப் போகிறீர்கள்.

நீலாங்கரையில் உங்கள் எதிரி அலை மட்டுமில்லை, கச்சான் காற்று. மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி அது வீசும்போது கரையோரம் கடல் தட்டையாக, அழகாக, வா என்று கூப்பிடும். காற்றுப்படகுக்குத் தண்ணீருக்குள் உடம்பே கிடையாது, எல்லாம் தண்ணீருக்கு மேலேதான். காற்று அதைத் தள்ளிக்கொண்டே போகும், நீங்கள் துடுப்புப் போட்டுக்கொண்டே பின்னால் போவீர்கள். பத்தாயிரம் ரூபாய் வினைலோடு கடலுக்குப் போகாதீர்கள். மீனவர் ஒருவரிடம் பேசி, அவர் ஃபைபர் படகில் காசு கொடுத்துப் போங்கள். மீனும் கிடைக்கும், மீன் இருக்கும் இடத்தை அறிந்தவரின் பேச்சும் கிடைக்கும்.

கேள்வி: அமராவதி அணையில்?
(தொழிற்சாலை மேற்பார்வையாளர், உடுமலை)

பதில்: அங்கே முதலைகள் இருக்கின்றன. வேண்டாம்.

கேள்வி: பேட்டரி மோட்டார் மாட்டினால் துடுப்பு வேலை மிச்சமாகுமே?
(கைபேசி பழுதுபார்ப்பவர், கும்பகோணம்)

பதில்: மிச்சமாகும், ஆனால் பட்ஜெட் மிஞ்சாது. தள்ளுவிசை 50 பவுண்டு கொண்ட மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியை நீண்ட நாள் வைத்துக்கொள்ள வேண்டுமானால் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது. ஆக ஒரு மணி நேரம். அந்தப் பேட்டரி 25 கிலோவுக்கு மேல் கனக்கும். சின்ன வினைல் படகில் அது இரண்டாவது ஆள். முதல் வருடம் துடுப்போடு பழகுங்கள்.

கேள்வி: பழைய லாரி டியூப் போதாதா? எங்கள் ஏரியில் அதில்தான் வலை விடுகிறார்கள்.
(தச்சர், வேலூர்)

பதில்: அவர்கள் தினம் தண்ணீரில் இருப்பவர்கள். டியூபின் சுபாவம் அவர்களுக்குத் தெரியும். டியூபின் ரப்பர் வினைலைவிட முரடு, முள்ளையும் நன்றாகத் தாங்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே அறை, ஒரே வால்வு. அந்த இரும்பு வால்வு துருத்திக்கொண்டு தொடையைக் கிழிக்கும். டியூப்தான் என்றால் வால்வை வெளிப்பக்கமாகத் திருப்பித் துணி சுற்றிக் கட்டுங்கள், ஜாக்கெட் இல்லாமல் இறங்காதீர்கள்.

கேள்வி: ஏரியில் இறங்கினாலே குத்தகைக்காரர் விரட்டுகிறார். ஏரி பொதுச்சொத்துதானே?
(ஓய்வுபெற்ற தபால்காரர், விழுப்புரம்)

பதில்: ஏரி பொது, மீன் அவருடையது. கட்லாவும் ரோகுவும் குஞ்சாக வாங்கி விட்டு, கொக்கிடமிருந்தும் திருடரிடமிருந்தும் காத்து வளர்க்கிறவர் அவர். முதலில் படகை விட்டுவிட்டு வெறுங்கையோடு போய் டீக்கடையில் அவரைப் பாருங்கள். ஜிலேபி மட்டும் பிடிக்கிறேன், கட்லா மாட்டினால் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஜிலேபி அளவில்லாமல் பெருகி வளர்ப்பு மீனின் தீனியைத் தின்பது அவருக்கும் தெரியும். காசு கேட்டால் கொடுங்கள். அணைகளுக்கு மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்க வேண்டும். குடிநீர் ஏரிகளில் இறங்கவே கூடாது.

கேள்வி: வீட்டில் எங்கே வைப்பது? போன படகை எலி கடித்துவிட்டது. சைக்கிள் டியூப் சொல்யூஷன் வைத்து ஒட்டினேன், உரிந்து வந்துவிட்டது.
(சமையல் கலைஞர், தஞ்சாவூர்)

பதில்: எலி ரப்பருக்காக வரவில்லை, மீன் வாசனைக்கு வந்தது. நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் மடிப்பு மடிப்பாகத் துடைத்துக் காயவைத்து, முகப்பவுடர் தூவித் தளர்வாகச் சுருட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்முக்குள் வையுங்கள். சைக்கிள் சொல்யூஷன் ரப்பருக்கானது, வினைலைப் பிடிக்காது. வினைலுக்கென்று பசை கேட்டு வாங்குங்கள். சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து, காற்றை முழுக்க இறக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, வட்டமாக வெட்டிய துண்டை ஒட்டி, மேலே ஆட்டுக்கல் குழவியை ஒரு நாள் முழுக்க வையுங்கள். மூலை வைத்து வெட்டினால் அந்த மூலையிலிருந்துதான் உரியத் தொடங்கும்.