அண்ணன் பேசினார்

மகனுக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. பேராதனை. அன்றிரவு புட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடி, தகப்பன் என்ற முறையில் நாலு வார்த்தை சொல்லுவம் என்று தொண்டையைச் செருமினேன்.

"தம்பி, நான் கம்பஸிலை லீடரா இருக்கேக்கை..."

மனுசி எழும்பிப் போனா. ஊசி நூல் வைக்கிற பிஸ்கட் ரின்னைத் திறந்து, ஒரு மஞ்சள் மட்டைத் துண்டை எடுத்துவந்து மகனின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தா. 'வரவேற்ப்புக் குழுத் தலைவர்' என்று அதில் இருந்தது. என்னுடைய கையெழுத்து. ஒரு 'ப்' கூட. இருபது வருசத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கும் ஒரே ஆவணம் அதுதான். காணி உறுதியை இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்த மட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு 2003இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் வரவேற்ற புதுமுக மாணவரில் மனுசியும் ஒருத்தி. அதனால் இந்த விசயத்தில் நான் கொஞ்சம்கூடக் கூட்டிச் சொல்ல வழியில்லை.

தலைவரானதற்கும் என் திறமைக்கும் சம்பந்தமில்லை. "பஸ்ஸிலை வாற பிள்ளையளின்ரை சாமானை ஆர் ஏத்துறது?" என்று கூட்டத்தில் கேள்வி வந்தபோது எல்லாக் கண்ணும் என் சைக்கிளுக்குப் போனது. அப்பு புகையிலைச் சிப்பம் ஏற்றுவதற்கென்று ஒட்டுவித்த இரும்புக் கரியர் அதில் இருந்தது. பதவி கரியருக்குத்தான் கிடைத்தது. உழக்கிறவன் என்பதால் மட்டை எனக்கு.

அதற்கு முதல் வருசம் ஏப்ரலில்தான், யுத்தத்தால் பூட்டிக்கிடந்த ஏ-9 வீதி திறந்திருந்தது. மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இருந்து பிள்ளைகள் தரைவழியாக வரத் தொடங்கிய காலம். சோதனைக்கென்று ஓமந்தையில் இறங்கி ஒரு வரிசை, முகமாலையில் இறங்கி இன்னொரு வரிசை. மத்தியானம் வரவேண்டிய பஸ் பொழுதுபட வரும். நிறைகுடம், குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, சந்தனம் என்று ஒரு கலியாண வீட்டுக்குரிய சகலதையும் மேசையில் பரப்பிவைத்துக் காத்து நின்றோம். மூன்று மணிபோல ஓர் ஆடு வந்து நிறைகுடத்து மாவிலையைத் தின்றது. நாலு மணிக்குள் பன்னீரை ஆளுக்காள் தெளித்து முடித்திருந்தோம். பிள்ளைகள் வந்து சேர்ந்தபோது வரவேற்க மிஞ்சியிருந்தது நானும் சைக்கிளும்தான்.

ஹட்டனில் இருந்து வந்த ஒரு மெலிந்த பெடியனிடம் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. தூக்கினேன். தூக்கியதாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"உள்ளுக்கை என்ன தம்பி?"

"தேயிலைங்க அண்ணே. அம்மா குடுத்து விட்டாங்க."

"தேயிலை இவ்வளவு பாரமோ?"

"அடியில புஸ்தகம் இருக்குங்க."

பரமேஸ்வராச் சந்தி தாண்டியதும் கரியர் கயிறு அறுந்தது. மிச்சத் தூரம் பெட்டியை அவன் சுமந்தான், நான் சைக்கிளை உருட்டினேன்.

இதெல்லாம் சில்லறை. என் புகழுக்குக் காரணம் அடுத்த நாள் காலையில் நான் ஆற்றிய வரவேற்புரை.

ஐந்து நிமிசம் தந்திருந்தார்கள். நான் 1921இல் தொடங்கினேன். அந்த வருசம்தான் சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். அங்கிருந்து மெல்ல நடந்து 1974க்கு வந்து, கல்லூரி யாழ்ப்பாண வளாகமானதையும், பேராசிரியர் கைலாசபதி முதல் தலைவரானதையும், ஒக்டோபர் 6ஆம் திகதி பிரதமர் சிறிமாவோ வந்து திறந்துவைத்ததையும் விரிவாகச் சொன்னேன். 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது, மூன்றாம் வரிசையில் ஒரு பெண்பிள்ளை தலையைச் சுவரில் சாய்த்துவிட்டா. அந்தத் தலைதான் இன்றைக்கு எங்கள் வீட்டுக்குத் தலைமை.

முடிவில் பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்து, பகிடிவதை செய்தால் இரண்டு வருசம் வரை மறியல், பாரதூரமான காயம் விளைவித்தால் பத்து வருசம் வரை மறியல் என்று குரலை உயர்த்தி மேசையில் இரண்டு தரம் அடித்தேன். இனி எந்தச் சீனியரும் கிட்டவர மாட்டான் என்ற திருப்தியோடு இறங்கினேன்.

அன்று பின்னேரம் விடுதி வோர்டன், ராகிங் கீகிங் ஏதும் நடந்ததோ என்று புதுப் பெடியளை விசாரித்திருக்கிறார். ஹட்டன் பெடியன் பொய் சொல்லத் தெரியாதவன்.

"அப்படி ஒண்ணும் இல்லிங்க சார். சீனியர் அண்ணன் மட்டும் ஒரு மணி நேரம் பேசினாரு."

மலையகத்தில் பேசுவது என்றால் பேசுவது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் வாயைத் திறந்தால் கதைப்பது. பேசுவது என்றால் ஏசுவது. 'அம்மா பேசுவா' என்று ஒரு பிள்ளை பயந்தால், அம்மா மேடையேறப் போகிறா என்று இங்கே ஒருவரும் நினைக்கமாட்டார்கள். வோர்டன் சுத்த யாழ்ப்பாணத்தார். வந்து முதல் நாளே ஒரு மணித்தியாலம் பேச்சு வாங்கின பிள்ளை என்று அவருக்கு நெஞ்சு பதறிவிட்டது.

மறுநாள் மாணவ ஆலோசகர் கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று நினைத்து மட்டையைக் குத்திக்கொண்டு போனேன்.

"நீர் பிள்ளையளுக்கு ஒரு மணித்தியாலம் பேசினீராம்?"

மேடை ஏறினால் நாங்களும் 'பேச்சு' என்றுதான் சொல்லுவோம். "ஓம் சேர். இன்னும் பேச இருந்தது, நேரம் காணேல்லை."

"மேசையிலையும் அடிச்சீராம்?"

"ரெண்டு தரம் சேர்."

எழுதிக்கொண்டார். "ஆரும் அழுதவையோ?"

"முன்வரிசையிலை ரெண்டு மூண்டு பேருக்குக் கண் கலங்கினது சேர்" என்றேன் அடக்கமாக. கொட்டாவி விட்டாலும் கண் கலங்கும் என்பதை மனுசிதான் பிற்பாடு விளங்கப்படுத்தினா.

பிறகு பெடியனைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணை என்ன சொல்லிப் பேசினவர்?"

"ஞாபகம் இல்லிங்க சார்."

"ஏதும் கூடாத சொல்லு?"

"அதெல்லாம் இல்லிங்க. வருசம் வருசமா ஏதோ சொன்னாரு."

ஆலோசகர் பேனையை மூடிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கும்வரை நானும் பெடியனும் எழும்பி நின்றோம். குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டார்கள். என் உரையில் ஒரு சொல்கூட ஒருவருக்கும் நினைவில்லை என்பதுதான் என்னைக் காப்பாற்றிய சாட்சியம்.

வரவேற்பது லேசுப்பட்ட வேலை என்று நினைக்கவேண்டாம். 2016 யூலையில் இதே பல்கலைக்கழகத்து விஞ்ஞான பீடத்தில், புதுமுக மாணவரை அழைத்துவரும் ஊர்வலத்தில் கண்டிய நடனம் சேர்வதா என்பதில் தமிழ், சிங்கள மாணவர் கைகலந்து, பல்கலைக்கழகத்தையே பூட்டவேண்டி வந்தது. அவர்களுக்கு இரண்டு மொழி. நான் ஒரே மொழியை வைத்துக்கொண்டு விசாரணைக்குப் போனவன்.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். புட்டு புரையேறியது. மனுசி அவன் தலையில் தட்டிவிட்டு மட்டையைத் திரும்பவும் ரின்னுக்குள் போட்டா. "தலைவர், நாளைக்குக் காஸ் சிலிண்டர் எடுக்கவேணும்" என்றா. பழைய கரியர் இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது.

பேராதனையில் மூத்த மாணவராக இருக்கிற பிள்ளைகள் ஆராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். எங்கடை பெடியன் வருவான். ஒல்லியன், கண்ணாடி போட்டிருப்பான். "தம்பி, கொஞ்சம் பேசணும்" என்று மட்டும் கூப்பிட்டுவிடாதேங்கோ, ஓடிவிடுவான். கதையுங்கோ. பேசுவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறா.